சூடேறும் கடலில் சியாக்காப் குஞ்சு எவ்வளவு தூரம் நீந்தும்?

மலாக்காவில் உம்பாய், பெர்னு பக்கம் சுட்ட மீன் சாப்பிடப் போகிறவர்கள் பலரும் கேட்கிற மீன் சியாக்காப். தமிழ்நாட்டில் இதற்குக் கொடுவா என்று பெயர். தட்டுக்கு வரும் சியாக்காப்பில் பெரும்பகுதி இன்று கூண்டிலும் குளத்திலும் வளர்க்கப்பட்டது. ஆனால் லிங்கி ஆற்று முகத்துவாரத்திலும் கெசாங் ஆற்று முகத்துவாரத்திலும் தூண்டிலுக்கு அகப்படுகிற சியாக்காப் யாரும் தீனி போட்டு வளர்த்த மீன் அன்று. அது கடல் உப்பில் பிறந்து, தானே நீந்தி ஆற்றுக்குள் வந்த மீன்.

அப்படி நீந்தி வந்தபோது அதன் நீளம் ஒரு சோற்றுப் பருக்கையளவுகூட இல்லை.

அந்தப் பயணத்தை அது முடிக்குமா, பாதி வழியில் ஓய்ந்துவிடுமா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நீரின் சூடு. மற்றொன்று, குஞ்சின் வளர்ச்சி. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. கடல் சூடேறுகிறது என்ற செய்தியை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். பனிக்கரடியும் உருகும் பனிமலையும் தொலைக்காட்சியில் அடிக்கடி வருகின்றன. மலாக்காக் கரையில் பிறக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் குஞ்சுக்கு அந்தச் சூடு என்ன செய்கிறது என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

மலாக்கா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களான அலோர் காஜா, மலாக்கா தெங்கா, ஜாசின் மூன்றுக்குமே கடற்கரை உண்டு. வடக்கே லிங்கி ஆறு நெகிரி செம்பிலான் எல்லையில் கடலில் கலக்கிறது. தெற்கே கெசாங் ஆறு ஜொகூர் எல்லை. இடையில் மலாக்கா ஆறு, டுயோங் ஆறு, உம்பாய், மெர்லிமாவ் பக்கத்துச் சிற்றாறுகள். ஆசஹான், கெமெண்டோர், டுரியான் துங்கால் என்று உள்நாட்டில் இருந்த தோட்டங்களின் மழைநீர்கூட கடைசியில் இந்த ஆறுகளின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. தோட்டத்து அல்லூரில் விராலும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவர்களுக்குக் கடல் எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றியிருக்கலாம். தண்ணீருக்கு அந்தத் தொலைவு கிடையாது.

குஞ்சுக்குத் தண்ணீர் தேன்

சியாக்காப் முட்டையிடுவது ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் இது நடக்கிறது. ஒரு பெரிய பெண் மீன் இலட்சக்கணக்கான முட்டைகளை விடும். நம் பக்கத்துக் கடல் சூட்டில் ஒரு நாள் முடிவதற்குள்ளேயே முட்டை பொரிந்துவிடுகிறது. வெளியே வரும் குஞ்சு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். அதற்கு வாய் திறந்திருக்காது, துடுப்புகள் முழுதாக உருவாகியிருக்காது. செவுள்கூட வேலை செய்யத் தொடங்கியிருக்காது. மெல்லிய தோல் வழியாகவே மூச்சு வாங்குகிறது. வயிற்றடியில் கட்டிச்சோறு போல ஒரு மஞ்சள் கருப் பையைச் சுமந்து வருகிறது. அவ்வளவுதான் அதன் சொத்து.

இந்தக் குஞ்சு நீந்துவதும் வளர்ந்த மீன் நீந்துவதும் ஒரே செயல் அன்று. பெரிய மீன் வாலை ஒருமுறை வீசிவிட்டுச் சும்மா இருந்தாலும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும். மிதிவண்டியை மிதித்துவிட்டுக் காலை எடுத்த பிறகும் அது ஓடுவது போல. குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. அது வாலை அசைப்பதை நிறுத்திய கணத்திலேயே அப்படியே நின்றுவிடும். அத்தனை சிறிய உடலுக்குத் தண்ணீரே தேன் போலக் கெட்டியாக இருக்கிறது. தேன் சாடிக்குள் விழுந்த எறும்பை நினைத்துப் பார்த்தால் போதும்.

உடலின் அளவு, வேகம், நீரின் கெட்டித்தன்மை ஆகிய மூன்றையும் சேர்த்து ஓர் எண்ணாகச் சொல்லும் முறைக்கு ரேனால்ட்ஸ் எண் என்று பெயர். 1883-இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாயம் கலந்த நீரை ஓடவிட்டு ஆராய்ந்த ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸின் பெயர் அதற்கு நிலைத்தது. 2 மி.மீ. குஞ்சு ஒரு வினாடிக்கு 4 மி.மீ. வேகத்தில் நீந்தினால் அந்த எண் 10-க்கும் குறைவு. அதே குஞ்சு 10 மி.மீ. ஆகி, வினாடிக்கு 10 சென்டிமீட்டர் நீந்தும்போது எண் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. குஞ்சு வளர்கிறது என்று சொல்கிறோமே, உண்மையில் அது ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குக் குடிபெயர்கிறது. தேனிலிருந்து தண்ணீருக்கு வருகிறது.

இங்கேதான் சூடு நுழைகிறது. நல்லெண்ணெய் குளிர்ந்த நாளில் கெட்டியாகவும் வெயிலில் இளகியும் ஓடும் அல்லவா? தண்ணீரும் அப்படித்தான், நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடானால் தண்ணீரின் கெட்டித்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பனிக்கட்டி உருகும் 0 டிகிரியோடு ஒப்பிட்டால் 30 டிகிரி நீரின் கெட்டித்தன்மை பாதிக்கும் குறைவு. ஆகவே குளிர்ந்த கடலில் பிறக்கும் குஞ்சுக்கு இரட்டைச் சுமை. தசையும் குளிரில் மெதுவாகச் சுருங்குகிறது, நீரும் கெட்டியாக இருக்கிறது.

இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஹெர்ரிங் என்ற வட அட்லாண்டிக் மீனின் குஞ்சுகளைக் கொண்டு லீ ஃபுய்மன், ராபர்ட் பேட்டி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 1997-இல் வெளியிட்டார்கள். சூடான நீரில் ஒருவகைப் பசைப்பொருளைக் கலந்து அதைக் குளிர்நீர் அளவுக்குக் கெட்டியாக்கினார்கள். அதாவது குஞ்சின் தசை சூட்டிலேயே இருக்கும், நீரின் கெட்டித்தன்மை மட்டும் குளிர்நீர் போல மாறும். மிகச் சிறிய குஞ்சுகள் குளிரில் மந்தமாவதற்குத் தசை மட்டும் காரணம் அன்று, நீரின் கெட்டித்தன்மைக்கும் பெரிய பங்கு உண்டு என்பது அதில் தெளிவானது. குஞ்சு வளர வளர இந்தப் பங்கு சிறுத்துப் போகிறது. கேட்டால் எளிமையாகத் தோன்றும் சோதனை. ஆனால் யாருக்கும் எளிதில் தோன்றாத யோசனை.

மலாக்கா நீரிணையில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 முதல் 31 டிகிரி வரைதான். இந்த மூன்று டிகிரிக்குள் நீரின் கெட்டித்தன்மை நூற்றுக்கு ஆறு பங்கு அளவே மாறும். எனவே நம் குஞ்சுகளுக்கு நீர் இளகுவதால் வரும் இலாபம் சொற்பம். சூடு அவற்றின் மேல் வேலை செய்வது வேறு வழிகளில்: தசை, மூச்சு, பசி.

மில்லிமீட்டர் கணக்கு

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2 மி.மீ. குஞ்சு வினாடிக்குத் தன் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு நீந்துவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் போகும் தூரம் 14 மீட்டர். ஒரு லயத்தின் முதல் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டுக்குப் போவது போல. கடல் ஏற்ற வற்றத்தின்போது நீரோட்டம் ஒரு நாட் வேகத்தில் ஓடினாலே மணிக்கு 1.85 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தை எதிர்த்து 14 மீட்டர்! அதற்குப் பெயர் நீச்சல் அன்று, அடித்துச் செல்லப்படுதல்.

இதற்கு மேல், நீரிணையின் நீர் மொத்தத்தில் வடமேற்காக, அந்தமான் கடல் நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏற்றமும் வற்றமும் முன்னும் பின்னுமாக இழுத்தாலும் மிச்சப்படும் நகர்வு அந்தத் திசையில். முகத்துவாரத்தை விட்டு விலகிய குஞ்சு சும்மா மிதந்தால் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அதே குஞ்சு 10 மி.மீ. ஆகட்டும். முதுகெலும்பின் நுனி மேல்நோக்கி வளைந்து உண்மையான வால் துடுப்பு உருவாகியிருக்கும். செவுள் வேலை செய்யும். நெடுநேரம் சளைக்காமல் நீந்த உதவும் சிவப்புத் தசை வளர்ந்திருக்கும். வினாடிக்கு 10 சென்டிமீட்டர் நீந்தினால் மணிக்கு 360 மீட்டர். நீளம் ஐந்து மடங்குதான் கூடியது, தூரம் இருபத்தைந்து மடங்கு கூடிவிட்டது. குஞ்சு ஒவ்வொரு மில்லிமீட்டர் வளர்வதும் அதன் நீந்தும் திறனில் பல மடங்காகத் தெரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ச்சி என்பதே அதற்கு வேகம்.

கடல் மீன் குஞ்சுகளின் இந்தத் திறனை அறிவியல் உலகமே நெடுங்காலம் குறைத்து மதிப்பிட்டிருந்தது. குஞ்சுகள் வெறும் தூசி போல மிதப்பவை என்பதே பொதுக் கருத்து. ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைப் பகுதியில் இலோனா ஸ்டோபட்ஸ்கி, டேவிட் பெல்வுட் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. பாறையில் குடியேறத் தயாராக இருந்த குஞ்சுகளை வினாடிக்கு 13.5 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் ஓடும் தொட்டியில் விட்டார்கள். தீனி இல்லை, ஓய்வு இல்லை. சராசரியாக ஏறக்குறைய 84 மணி நேரம் நீந்தின. கணக்கிட்டால் 40 கிலோமீட்டர். மலாக்கா பட்டணத்திலிருந்து மூவார் வரைக்கும் ஏறத்தாழ அவ்வளவு தூரம் வரும். விரல் நகத்தளவுள்ள உயிர்கள் பட்டினியோடு நீந்திய தூரம் அது.

சியாக்காப் பவளப்பாறை மீன் அன்று. அதன் குஞ்சு வேறு தந்திரத்தைக் கையாளுகிறது. முகத்துவாரங்களை நாடும் பல வகைக் குஞ்சுகளிடம் காணப்படும் வழக்கம் இது: கடல் ஏறும்போது மேலெழுந்து ஓட்டத்தோடு உள்ளே போவது, வற்றும்போது அடியில் இறங்கி, ஓட்டம் மெதுவாக இருக்கும் சேற்றுத் தரையை ஒட்டிக் கிடப்பது. படகோட்டிகள் ஓதம் பார்த்துப் புறப்படுவது போலத்தான். இதற்கு நெடுந்தூரம் நீந்தத் தேவையில்லை. ஆனால் மேலும் கீழுமாக ஏறி இறங்கத் தெம்பு வேண்டும், சரியான நேரத்தில் அது இருக்க வேண்டும்.

சூடு நல்லது, ஓர் எல்லை வரை

சூடு கூடினால் குஞ்சு சீக்கிரம் வளர்கிறது. இதில் ஐயமில்லை. பிரிட்ஜெட் கிரீன், ரெபெக்கா ஃபிஷர் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட சோதனையில், கோமாளி மீன் இனத்தைச் சேர்ந்த குஞ்சுகளை 25 டிகிரியிலும் 28 டிகிரியிலும் வளர்த்தார்கள். 'நீமோ' படம் வந்தபின் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த மீன் இனம்தான். 28 டிகிரியில் வளர்ந்தவை குஞ்சுப் பருவத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டன, வேகமாகவும் நீந்தின. மூன்று டிகிரியில் இவ்வளவு மாற்றம்.

இதைக் கேட்டதும், கடல் சூடானால் மீனுக்கு நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்தச் சோதனை 28-இல் நின்றது. நம் கடல் 28-இல் தொடங்குகிறது.

விடிவதற்கு முன்பே பால் வெட்டுக்குப் போன தலைமுறை இதை விளங்கிக்கொள்ளும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்துக்கு வெயில் வேண்டாமா? வேண்டும், வெயில் இல்லாமல் மரமே இல்லை. ஆனால் ஓட்டத்துக்கு ஒரு நேரம் உண்டு, அதைத் தாண்டினால் வெட்டினாலும் பயனில்லை. உயிருள்ள எதற்கும் சூட்டின் கணக்கு இப்படித்தான். ஏற ஏற நன்மை, ஓர் உச்சி, பிறகு சட்டென்று இறக்கம்.

மீனின் உச்சி எங்கே இருக்கிறது என்று அறிய, அதன் மூச்சுக் கையிருப்பை அளக்கிறார்கள். மாதச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை, அரிசி, மின்சாரம் போக மிஞ்சுவதுதான் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கவும் ஊருக்குப் போய் வரவும் உதவும். மீனுக்குச் சம்பளம் என்பது அது நீரிலிருந்து எடுக்கக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன். வீட்டுச் செலவு என்பது சும்மா உயிர்வாழ மட்டும் தேவைப்படும் ஆக்சிஜன். மிஞ்சுவதைக் கொண்டுதான் நீந்த வேண்டும், வளர வேண்டும், எதிரியிடமிருந்து ஓட வேண்டும். சூடு கூடும்போது வீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. சம்பளமோ ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை.

ஜோடி ரம்மர் தலைமையிலான குழு பாப்புவா நியூகினியில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் வாழும் ஆறு வகைப் பாறை மீன்களை 29 டிகிரியிலிருந்து 34 டிகிரி வரை வைத்து அளந்து, 2014-இல் முடிவை வெளியிட்டது. அந்த மீன்களுக்கு மிகவும் ஏற்ற சூடு, அவை இன்று வாழும் கடலின் சூட்டுக்கு மிக அருகிலேயே இருந்தது. இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் கையிருப்பு சரிந்தது. குளிர்நாட்டு மீன் கோடையும் குளிரும் மாறி மாறிப் பார்த்துப் பழகியது. அதற்கு இடவசதி உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே சூட்டில் வாழ்ந்து பழகிய நிலநடுக்கோட்டு மீனுக்கு அந்த இடவசதி இல்லை. மலாக்காவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டே டிகிரியில் இருக்கிறது. எனவே அந்த முடிவு நம் கரைக்குச் சம்பந்தமில்லாதது அன்று.

சியாக்காப்பைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தியும் உண்டு. அது முரட்டு மீன். ஆழமற்ற சதுப்புக் குட்டைகளில் 35 டிகிரிச் சூட்டையும் தாங்கும். உப்பு நீர், நன்னீர் இரண்டிலும் வாழும். இதைச் சொல்லி, சியாக்காப்புக்கு ஒன்றும் ஆகாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பேசுவது விரல் நீளம் வளர்ந்துவிட்ட மீனைப் பற்றி. 2020-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகெனர் நிலையத்து ஆய்வாளர்கள் 694 மீன் வகைகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, மீனின் வாழ்நாளில் சூட்டை மிகக் குறைவாகத் தாங்கும் கட்டங்கள் இரண்டு என்று தெரிந்தது. முட்டைக்குள் இருக்கும் கரு ஒன்று, முட்டையிடத் தயாராக இருக்கும் தாய் தந்தை மற்றொன்று. முரட்டு மீனுக்கும் மென்மையான பருவம் உண்டு.

அந்தப் பருவத்தின் தடம் வாழ்நாள் முழுவதும் இருக்கிறது என்பது இன்னும் வியப்பான செய்தி. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிறோமே வரிக்குதிரை மீன், இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளைச் சேர்ந்தது, அதன் முட்டைகளை 22, 27, 32 டிகிரிகளில் பொரிக்க வைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே சூட்டில் வளர்த்தார்கள். வளர்ந்து பெரிதான பின்னும், முட்டைப் பருவத்தில் பட்ட சூட்டின் வேறுபாடு நீந்தும் திறனிலும் தசையிலும் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்து ஆய்வு, 2012. ஒரு நாள்கூட நீடிக்காத முட்டைப் பருவத்தை இனி யாரும் சிறிதாக நினைக்க முடியாது.

பசியை மறந்துவிடக் கூடாது. கட்டிச்சோறு என்று முன்பு சொன்ன மஞ்சள் கரு, சூடான நீரில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சியாக்காப் குஞ்சுக்கு இரண்டாம் நாளில் வாய் திறக்கும். அதன்பின் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உணவு இருந்தால் சூடு வரம். அந்தச் சூட்டில் கிடுகிடுவென்று வளர்ந்து, தேன் உலகத்தைத் தாண்டிவிடும். உணவு இல்லையென்றால் அதே சூடு குஞ்சை விரைவில் பட்டினியில் தள்ளும். கருவாட்டுக்குப் போகாத, வலையில் வராத, யாரும் கணக்கில் எழுதாத சாவு அது.

ஆறு செய்வது என்ன

உலகக் கடல்களின் மேற்பரப்பு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், 2011-2020 பத்தாண்டில் 0.88 டிகிரி கூடியிருந்தது. அதைக் குறைப்பது ஜாசினிலோ மஸ்ஜித் தானாவிலோ உள்ளவர்கள் கையில் மட்டும் இல்லை. ஆனால் குஞ்சுக்கு மிஞ்சுகிற மூச்சு, அது நீந்த வேண்டிய தூரம், இவை இரண்டும் உள்ளூர் விஷயங்கள்.

மூச்சை முதலில் பார்ப்போம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். உப்பு நீரில் இன்னும் குறைவு. இந்த நிலையில் ஆறு கொண்டுவரும் கழிவு அந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டால் என்ன மிஞ்சும்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு ஆலைக் கழிவின் வாடை நினைவிருக்கும். செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வெளிவரும் கழிவுநீர் கொதிநிலைக்குக் கொஞ்சம் குறைவான சூட்டில் வெளியேறும். அதில் நஞ்சு ஒன்றும் இல்லை. எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் நாரும் சக்கையும்தான். ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரிக்கும்போது ஆற்று நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். 1970-களில் நாட்டின் ஆறுகளை மிக மோசமாகக் கெடுத்தது இந்தக் கழிவே. அதனால்தான் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. ஆக்சிஜனை உறிஞ்சும் அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. 5,000-இல் தொடங்கிய வரம்பு படிப்படியாக இறக்கப்பட்டு 1984-இல் 100 ஆனது. ஆலைகள் குளம் குளமாக வெட்டிக் கழிவைத் தேக்கி, ஆறவைத்து, செரிக்கவிட்டு வெளியேற்றத் தொடங்கியது அப்போதுதான். மலேசியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் இது நல்ல அத்தியாயம் என்றே சொல்ல வேண்டும். கடல் குளிர்ச்சியாக இருந்த காலத்தில் போதுமானதாக இருந்த வரம்பு, சூடேறிய கடலுக்கும் போதுமா என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. ஆலையோடு நிற்பதும் இல்லை. பட்டணத்துக் கால்வாய், பன்றிப் பண்ணை, உரம் எல்லாம் அதே ஆற்றில்தான் சேர்கின்றன.

அடுத்தது தூரம். அலையாத்திக் காடு நிற்கும் முகத்துவாரத்தில் குஞ்சுக்கு நிழல் உண்டு, வேர்களுக்கு இடையே ஓட்டம் குறைந்த நீர் உண்டு, தின்ன மிதவை உயிர் உண்டு. செம்பனை நாற்றை நர்சரியில் நிழல் கொடுத்து வளர்த்துவிட்டுத்தானே வெளியில் நடுகிறார்கள்? அதே வேலையைத்தான் அந்தக் காடு செய்கிறது. லிங்கி முகத்துவாரத்தில் இன்னும் அலையாத்தி நிற்கிறது. மலாக்கா பட்டணத்துக் கரையில் நிலைமை வேறு. பல பத்தாண்டுகளாகக் கடலைத் தூர்த்து நிலம் ஆக்கியதில் பழைய கரை உள்ளே போய்விட்டது. கடலைப் பார்த்தபடி இருந்த கட்டடங்கள் இன்று தெருவைப் பார்த்து நிற்கின்றன. ஊஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் கெராகாவ் எனும் சிற்றிறால் வாரி வாழ்ந்த மீனவர்களுக்கு இது நேரடியாகத் தெரிந்த மாற்றம். செங்குத்தான கல் அணையில் குஞ்சு ஒதுங்க இடம் இல்லை. அடுத்த ஒதுங்கிடம் வரை அது நீந்த வேண்டும், 14 மீட்டர் கணக்கில்.

வளர்ப்பில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு இதே அறிவு காசாக உதவும். தாய்லாந்தின் சொங்க்லாவில் 1970-களின் தொடக்கத்தில் சியாக்காப்பைச் செயற்கை முறையில் பொரிக்க வைத்தார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தார் 1997-இல் கொடுவாவில் அதைச் சாதித்தார்கள். பொரிப்பகத்தில் குஞ்சு பிழைப்பது பெரும்பாலும் சூட்டையும் அளவையும் கவனிப்பதில்தான் இருக்கிறது. ஒரே நாளில் பிறந்த குஞ்சுகளில் சில முந்தி வளர்ந்துவிடும். வளர்ந்தது வேகமாக நீந்தும். வேகமாக நீந்துவது தன் நீளத்தில் பாதிக்கும் மேல் உள்ள தம்பியையே விழுங்கிவிடும். அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை சல்லடையிட்டுப் பெரிது சிறிது பிரிக்கிறார்கள். பொதியில் வாங்கிவரும் குஞ்சைக் காலை வெயிலுக்கு முன் கொண்டுவருவதும், பையைப் பிரிக்காமல் கூண்டு நீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குவதும் இதே காரணத்தால்தான். அவசரத்தில் கொட்டியவர்கள் மறுநாள் காலை எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

கடலில் பிடிக்கும் வலைக்கும் கணக்கு இருக்கிறது. இழுவை வலையின் அடிப்பைக் கண்ணி 38 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது மலேசிய விதி. கரையோரச் சேற்றில் தள்ளிக்கொண்டு போகும் சன்னமான தள்ளுவலைக்குத் தடை உண்டு. 'பூபு நாகா' எனப்படும் நீளமான கூண்டுப் பொறியும் தடை செய்யப்பட்டதே. முகத்துவாரம் வரை வந்து சேர்ந்து, ஒரு சென்டிமீட்டரும் இரண்டு சென்டிமீட்டரும் வளர்ந்து, நீந்தத் தெரிந்துகொண்ட குஞ்சை வடிகட்டி எடுப்பவை இவைதான். இத்தனை தடையையும் தாண்டி வந்தது கருவாட்டுக்கும் ஆகாத குப்பை மீனாகக் கூடையில் விழுகிறது.

ஆற்றில் வளரும் சியாக்காப் முதலில் பெரும்பாலும் ஆண்தான். மூன்று நான்கு வயதில் கடல் முகத்துக்கு இறங்கி இனப்பெருக்கத்தில் சேரும். ஆறு வயது, எட்டு வயது என்று ஆன பிறகே பெண்ணாக மாறி முட்டையிடும். தூண்டிலில் ஒரு கிலோ சியாக்காப் அகப்பட்டால் அது இன்னும் ஒரு முட்டைகூட இட்டிராத மீன்.